தஞ்சை அரண்மனைக் கலைக்கூடம்: செப்புத் திருமேனிகளையும் ஓவியங்களையும் எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது

தஞ்சாவூருக்கு யார் வந்தாலும் அவர்களை அரண்மனைக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போவது பல வருடங்களாக என் வேலை. முதல் தடவை வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். முதல் பத்துத் திருமேனிகளை ஆசையாகப் பார்ப்பார்கள். பதினைந்தாவதில் கண் சோர்ந்துவிடும். இருபத்தைந்தாவது நிமிடத்தில் "எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. எதைத் தேடிப் பார்ப்பது, எதில் ஆரம்பிப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். ஒரு பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தால் கண் தானாக வேலையில் இறங்கும். கீழே உள்ள வரிசை முழுக்க அதை வைத்துத்தான்.

1. முதலில் சுவாமிமலை, அப்புறம் கலைக்கூடம்

முடிந்தால் கலைக்கூடத்துக்கு முந்தின நாள் சுவாமிமலைக்குப் போய்விட்டு வாருங்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் வழியில் சுமார் 35 கிலோமீட்டர். அங்கே ஸ்தபதிகளின் பட்டறைகள் பல உண்டு. மரியாதையாகக் கேட்டால் வேலை நடப்பதைப் பார்க்க விடுவார்கள். வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நின்று பாருங்கள்.

அங்கே பார்க்கவேண்டியது விற்பனைக்கு வைத்திருக்கும் சிலைகளை அல்ல, மெழுகை. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அந்த மெழுகில்தான் திருமேனியை முழுசாகச் செய்கிறார்கள். அளவுக்குத் தென்னை ஓலை நறுக்கு ஒன்று. அதை ஒடியோலை என்பார்கள். உருவத்தின் உயரத்துக்கு ஓலையை வெட்டி, மடித்து மடித்து முகம், மார்பு, தொடை என்று பங்கு பிரிப்பார்கள்.

மெழுகு உருவத்தின் மேல் முதலில் காவிரியின் நைஸான வண்டல் மண்ணைப் பூசுவார்கள். அதற்குமேல் சற்றுக் கரடான மண் ஒவ்வொரு பூச்சாக ஏறும். காய்ந்தபின் சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்து எடுப்பார்கள். ஒரு அச்சுக்கு ஒரே உருவம். உடைத்தபின் அந்த அச்சு இல்லை.

இதை ஒருமுறை நேரில் பார்த்தவருக்குக் கலைக்கூடத்தில் நிற்கும் ஒவ்வொரு திருமேனியும் ஒரு காலத்தில் மெழுகாக இருந்தது என்பது மறக்காது. சுவாமிமலை போக முடியாதவர்கள் இந்த மூன்று பத்திகளை இன்னொரு தடவை படித்துவிட்டாவது போங்கள்.

2. கையில் என்ன இருக்கவேண்டும்

ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில். பேனா வேண்டாம். அருங்காட்சியகங்களில் மைப் பேனாவைப் பொதுவாக விரும்பமாட்டார்கள், கை தவறினால் கறை போகாது. தூரப்பார்வைக்கும் கிட்டப்பார்வைக்கும் தனித்தனிக் கண்ணாடி போடுகிறவர்கள் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு திருமேனியை எட்ட நின்றும் பார்க்கவேண்டும், குனிந்தும் பார்க்கவேண்டும்.

பெரிய பை வேண்டாம். தோளில் தொங்கும் பை, திரும்பும்போது எதன் மேலாவது இடிக்கும்.

3. நாள், நேரம், டிக்கெட்

வார நாளில் காலையில் திறந்தவுடன் போங்கள். விடுமுறை நாட்களில் பள்ளிக்கூடப் பஸ்கள் வந்துவிட்டால் ஒரு இடத்தில் நின்று பார்க்க முடியாது. அரண்மனை வளாகத்தில் கலைக்கூடம், சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம், தர்பார் மண்டபம் என்று பல பகுதிகள் இருக்கின்றன. எதற்கு எந்த டிக்கெட், எது இன்று திறந்திருக்கிறது, போட்டோ எடுக்கலாமா என்று கவுண்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இதைக் கேட்காமல் உள்ளே போய், பாதியில் திரும்பி வந்து வரிசையில் நிற்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

ஒரே நாளில் வளாகம் முழுவதையும் பார்க்க நினைக்காதீர்கள். காலையில் திருமேனிகள், இடையில் சாப்பாடு, பிற்பகலில் ஓவியங்கள். அது போதும்.

4. உள்ளே போனதும் ஒரு சுற்று, எங்கும் நிற்காமல்

கூடம் முழுவதையும் பத்து நிமிடத்தில் ஒருமுறை நடந்து முடியுங்கள். எதையும் படிக்கவேண்டாம், படமெடுக்கவேண்டாம். நடக்கும்போது எது உங்களைத் திரும்பிப் பார்க்க வைத்ததோ அதை மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அப்படி நான்கைந்து தேறும்.

இந்தச் சுற்று எதற்கென்றால், முதல் வரிசையிலேயே முழுக் கவனத்தையும் செலவழித்துவிட்டால் கடைசியில் நிற்கும் அருமையான ஒன்றுக்குக் கண்ணில் தெம்பு இருக்காது. அந்த நான்கைந்துக்கு மட்டும் திரும்பி வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம். மற்றவை அடுத்த தடவைக்கு.

5. முதுகிலிருந்து தொடங்குங்கள்

இதைச் சொன்னால் முதலில் எல்லோரும் தயங்குவார்கள். சாமியின் முகத்தைப் பார்க்காமல் முதுகைப் பார்ப்பதா என்று. ஆனால் நான் கண்டவரை இதுதான் ஆளை மாற்றும் படி.

கோயிலில் உற்சவமூர்த்தியை நாம் எப்படிப் பார்க்கிறோம்? பட்டு, மாலை, கவசம், நகை எல்லாம் சாத்தியபின் முகமும் கைகளும் மட்டும்தான் தெரியும். முதுகு தெரிவதற்கு வழியே இல்லை. அபிஷேகம் செய்யும் குருக்கள் மட்டும்தான் அதைக் கிட்டத்தில் பார்த்திருப்பார். அப்படி மறைந்தே இருக்கப்போகிற முதுகில் அந்த ஸ்தபதி என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள்.

தலைக்குப் பின்னால் சிறு சக்கரம் ஒன்று இருக்கும். சிரச்சக்கரம் என்பார்கள். அதிலிருந்து குஞ்சம் தொங்கும். சடைச்சுருள்கள் தோளில் ஒன்றன் கீழ் ஒன்றாக விழும். கழுத்தணியின் முடிச்சு பிடரியில் இருக்கும். பூணூல் முன்பக்கம் மறைந்த இடத்திலிருந்து பின்பக்கம் சரியாக வந்து சேர்கிறதா என்று விரலை நீட்டாமல் கண்ணாலேயே தொடர்ந்து போங்கள். நல்ல வேலையில் ஒரு இழைகூட நடுவழியில் நிற்காது. அப்புறம் தண்டுவடத்தின் பள்ளம். இடுப்பு ஒருபக்கம் ஒசிந்து நின்றால் அந்தப் பள்ளமும் லேசாக வளைந்திருக்கவேண்டும். வளைந்திருந்தால், அந்த ஸ்தபதி மனித உடம்பு நிற்பதை உற்றுப் பார்த்தவர்.

சில திருமேனிகள் சுவரோடு ஒட்டிய கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். அப்போது பக்கவாட்டில் நின்று, எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு பாருங்கள். நடராஜருக்கு அந்தப் பக்கவாட்டுப் பார்வை மிகவும் அவசியம். முன்னாலிருந்து வட்டமாகத் தெரியும் உருவம், பக்கத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு ஒல்லியான ஆழத்துக்குள் அடங்கியிருக்கிறது, ஒற்றைக் காலில் அந்த எடை எங்கே இறங்குகிறது, விரிந்த சடை, உருவத்தைச் சுற்றி வளைந்து நிற்கும் திருவாசியை எங்கே தொடுகிறது என்பதெல்லாம் அங்கேதான் புரியும்.

6. அப்புறம் பீடத்துக்கு இறங்குங்கள்

முகத்துக்குப் போகுமுன் குனிந்து பீடத்தைப் பாருங்கள். தாமரைப் பீடத்துக்குக் கீழே சதுரப் பீடம் இருந்தால், அதில் துவாரங்களோ வளையங்களோ தெரியும். புறப்பாட்டின்போது திருமேனியைத் தாங்கும் கழிகளோடு சேர்த்துக் கட்டுவதற்கானவை அவை. பீடத்தின் இரு ஓரத்திலும் முளை போல நீட்டிக்கொண்டிருந்தால், அது திருவாசியைச் செருகுவதற்கு.

இது ஏன் முக்கியம்? இந்தத் திருமேனிகள் ஓரிடத்தில் நிற்கச் செய்யப்பட்டவை அல்ல. தோளில் ஏறி வீதிக்கு வந்தவை. இருபுறமும் நிற்கும் ஜனங்களுக்கு, கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பவர்களுக்குத் தெரியவேண்டியவை. அதனால் முழங்காலில் குனிந்து ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். எதிரே நின்று பார்த்தபோது சற்றுத் தாழ்ந்திருந்த இமை, கீழிருந்து பார்க்கும்போது உங்களைப் பார்க்கும்.

7. கைகளுக்குத் தனியாக நேரம் கொடுங்கள்

முகத்தைவிடக் கையில்தான் ஸ்தபதியின் தேர்ச்சி சீக்கிரம் வெளிப்படும் என்பது என் அனுபவம். முகத்துக்கு எழுதிவைத்த அளவு உண்டு. விரல் காற்றில் நிற்கும் விதத்துக்கு அளவு மட்டும் போதாது.

அம்மன் திருமேனிகளில் ஒரு கை இடுப்பருகே இயல்பாகத் தொங்கும். மற்றொரு கை மார்பளவில் மடங்கி, எதையோ பிடித்திருப்பது போல விரல்கள் வளைந்திருக்கும். கடக முத்திரை என்று நூல்களில் எழுதியிருக்கும். ஒருமுறை என் பெரியம்மாவைக் கூட்டிப்போயிருந்தேன். எழுபது வயதுக்கு மேல், முத்திரை பற்றியெல்லாம் ஒன்றும் தெரியாது. அந்தக் கையின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "இங்கதான்டா பூ வைப்பாங்க" என்றார். அப்போதுதான் நானும் அந்த விரல்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைச் சரியாகப் பார்த்தேன். ஒரு பூவின் காம்பு நுழையும் அளவு. தினமும் புதுப் பூ வரும் என்று தெரிந்து அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள்.

நோட்டை எடுங்கள். ஒரே ஒரு கையை மட்டும் ஐந்து நிமிடம் வரையுங்கள். படம் வராவிட்டால் பரவாயில்லை. வரையும்போது கண் எத்தனை தடவை அந்த விரலுக்குத் திரும்பிப் போகிறது என்பதற்காகத்தான் இந்தப் படி.

8. ரிஷபவாகனர் முன்னால் அதிக நேரம் நில்லுங்கள்

நேரம் குறைவாக இருந்து ஒன்றே ஒன்றுதான் பார்க்கமுடியும் என்றால், திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனரை, அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவனைப் பாருங்கள். எங்கே இருக்கிறது என்று ஊழியரிடம் கேட்டால் காட்டுவார்கள். கல்வெட்டுச் செய்தியை வைத்து இதை 1011-ஆம் ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெரிய கோயில் குடமுழுக்குக் கண்ட 1010-க்கு அடுத்த வருடம். பக்கத்தில் நிற்கும் உமை அதற்கும் அடுத்த வருடத்தது, 1012.

முதலில் தலையைப் பாருங்கள். கிரீடம் இல்லை. சடையையே தலைப்பாகை போலச் சுற்றியிருக்கிறது, அதற்குள் பாம்புகள் நெளிகின்றன. எது சடை, எது பாம்பு என்று ஒரு சுருளைப் பிடித்துத் தொடர்ந்து போனால் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

இப்போது மடங்கிய கையைப் பாருங்கள். அது எதன் மேலோ சாய்ந்திருக்கிறது, ஆனால் அங்கே ஒன்றுமில்லை. அங்கே காளை நின்றிருக்கவேண்டும். அந்தக் காளை இன்று இல்லை. இருந்தாலும் முன்கையின் கிடையையும் தளர்ந்த விரல்களையும் பார்த்தால் அந்தக் காளையின் உயரம் தெரியும், அது அமைதியாக நின்றது தெரியும். முரண்டு பிடிக்கும் மாட்டின் மேல் யாரும் இப்படிக் கை போடமாட்டார்கள். தோள், இடுப்பு, இலகுவாக விட்ட கால் எல்லாம் அந்த இல்லாத காளையை நம்பித்தான் நிற்கின்றன.

இங்கே ஒரு வேலை செய்யுங்கள். அக்கம்பக்கம் பார்த்துக் கூச்சப்படவேண்டாம். அதே மாதிரி நின்று பாருங்கள். ஒரு காலில் எடை, இடுப்பு ஒசிந்து, கை சாய்ந்து. அரை நிமிடத்தில் உங்கள் உடம்பு எங்கே இறுக்கமாகிறது என்று தெரியும். பிறகு அந்தத் திருமேனியில் அதே இடத்தைத் தேடுங்கள். இறுக்கமே தெரியாது. குழந்தைகளைக் கூட்டிவந்தால் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள். அதற்கப்புறம் அவர்களை நகர்த்துவதுதான் கஷ்டம்.

9. மெழுகில் வந்ததா, உளியில் வந்ததா

சுவாமிமலையில் பார்த்ததை இங்கே பயன்படுத்துங்கள். மெழுகில் உருட்டி ஒட்டிய மணிமாலையின் ஓரங்கள் வழவழவென்று உருண்டிருக்கும். வார்த்தபின் உளியால் வெட்டிய கோடு கூர்மையாக, இரு கரையும் நேராக இருக்கும். சோழர் காலத்தின் நல்ல திருமேனிகளில் நுணுக்கமெல்லாம் பெரும்பாலும் மெழுகிலேயே முடிந்துவிடும். பிற்காலத்தில் உளி வேலை கூடியது. இன்றைய பட்டறைகளிலும் வார்த்தபின் உளிக்கும் அரத்துக்கும் நிறைய வேலை உண்டு.

எடையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெழுகு உருவத்தைப்போல சுமார் ஒன்பது மடங்கு எடை, அதே அளவு உலோகத்துக்கு. கையில் தூக்கிப் பார்த்த மெழுகு ஒரு கிலோ என்றால், வார்த்தபின் ஒன்பது கிலோ. கன வார்ப்பில் உள்ளே பொள்ளல் கிடையாது.

பளபளப்பை வைத்து வயதையோ தரத்தையோ எடைபோடுவது எல்லோரும் செய்யும் தவறு. மண்ணுக்கடியில் பல காலம் கிடந்தவை பச்சை படிந்திருக்கும். கோயிலில் தொடர்ந்து அபிஷேகம் கண்டவற்றில் மூக்கும் கண்ணும் தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். அந்தத் தேய்மானம் குறையல்ல, எத்தனை தலைமுறை கைகள் அதைக் குளிப்பாட்டின என்பதன் அடையாளம்.

10. பெயர்ப்பலகை கடைசியில்

இப்போதுதான் பலகையைப் படிக்கவேண்டும். முதலிலேயே படித்தால், "நடராஜர், 11-ஆம் நூற்றாண்டு, சரி" என்று மனம் கணக்கை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பலகையில் நூற்றாண்டைவிட ஊர்ப் பெயரைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஊருக்கு நீங்கள் போயிருக்கலாம், பெண் எடுத்திருக்கலாம், பஸ்ஸில் தாண்டியிருக்கலாம்.

11. சாப்பிட்டுவிட்டு ஓவியங்களுக்கு

இடைவேளை கட்டாயம். மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்துப் பழகிய கண், உடனே தட்டையான பரப்புக்குப் போனால் எல்லாம் மேலோட்டமாகத் தெரியும். ஒரு மணி நேரம் வெளியே இருந்துவிட்டு வாருங்கள்.

தஞ்சாவூர் ஓவியத்துக்கும் அதே விதிதான். எந்த வரிசையில் செய்தார்கள் என்று தெரிந்துகொண்டு பாருங்கள். பலாப்பலகை. அதன்மேல் ஒட்டிய துணி, அந்தக் காலத்தில் புளியங்கொட்டைப் பசையால். அதன்மேல் வெள்ளைப் பூச்சு, பிறகு கோட்டு வரைவு. நகையும் தூணும் வளைவும் வரும் இடங்களில் கற்களைப் பதித்து, சுக்கான் (சுண்ணாம்புக்கல்) மாவும் பசையும் சேர்த்த மக்கை மேடாக ஏற்றுவார்கள். மேட்டின் மேல் தங்கரேக்கு. வண்ணம் அதற்கப்புறம்தான். கண்ணும் முகமும் கடைசிக் கட்டத்தில்.

ஆகவே எதிரே நின்று பார்ப்பது பாதிதான். ஓவியத்தின் பக்கவாட்டுக்கு வந்து, சட்டத்தின் ஓரத்திலிருந்து பாருங்கள். மக்கு எவ்வளவு மேடாக ஏறியிருக்கிறது என்று அப்போது தெரியும். விளக்கின் வெளிச்சம் தங்கத்தில் பட்டுக் கண்ணைக் கூசினால் அரை அடி நகருங்கள், ஒவ்வொரு அசைவுக்கும் தங்கம் வேறு மாதிரி ஒளிரும். எண்ணெய் விளக்கின் ஆடும் சுடரில், பூஜை அறையில் பார்ப்பதற்காகச் செய்த வேலை இது. டியூப்லைட்டில் அசையாமல் நின்று பார்த்தால் அதன் பாதி உயிர் தெரியாது.

பழைய ஓவியத்தில் தங்கரேக்கு உரிந்த இடம் ஏதாவது இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள். அடியிலுள்ள வெள்ளை மக்கு அங்கேதான் வெளியே தெரியும், நான் மேலே சொன்ன அடுக்குகளை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். கடைகளில் பார்த்த புது ஓவியத்தின் பளிச்சென்ற நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு பழையதை மங்கல் என்று ஒதுக்குகிறவர்கள் நிறைய. அந்த அடங்கிய சிவப்பையும் பச்சையையும் இரண்டு நிமிடம் விடாமல் பாருங்கள், பிறகு புதியதன் நிறம்தான் உறுத்தும்.

12. கண்ணாடி ஓவியம் கண்ணில் பட்டால்

இதில் வரிசையே தலைகீழ். கண்ணாடியின் பின்புறம் வரைந்து முன்புறம் பார்ப்பது. அதனால் கடைசியில் வரவேண்டிய கண்மணி, நகை, கோடு எல்லாம் முதலில் வரும். அப்புறம் உடலின் நிறம், கடைசியில் பின்னணி. இடமும் வலமும் மாறும். முதலில் இட்ட கோடு தவறினால் மேலே பூசி மறைக்க வழியில்லை. முகத்தின் பொட்டைப் பார்த்துக்கொண்டே, "இதைத்தான் முதலில் வைத்திருக்கிறார்" என்று நினைத்துப் பாருங்கள், அந்தக் கை எவ்வளவு உறுதியானது என்று புரியும்.

13. இவற்றைச் செய்யாதீர்கள்

தொடாதீர்கள். பக்தியால் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. மனம் புரிகிறது, ஆனால் வேர்வையின் உப்பு செம்பை அரிக்கும். கைகூப்பிக் கும்பிட்டால் போதும். பீடத்தில் காசு, பூ, குங்குமம் எதுவும் வைக்கவேண்டாம்.

போனில் டார்ச் அடித்துப் பார்க்காதீர்கள். கண்ணாடியில் அதுவே திரும்பி அடிக்கும், உள்ளே ஒன்றும் தெரியாது. ஓவியத்தின் நிறத்துக்கும் பலமான வெளிச்சம் ஆகாது.

அனுமதி இருந்தாலும் பார்த்து முடித்தபின் படமெடுங்கள். முதலில் எடுத்துவிட்டால், "வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று கால் நகர்ந்துவிடும். எடுப்பதானால் முழு உருவத்தை விட்டுவிட்டு, முதுகின் ஒரு பகுதி, ஒரு கை, பீடத்தின் துவாரம் என்று எடுங்கள். முழு உருவப் படங்கள் வேண்டியமட்டும் கிடைக்கும்.

14. அன்று இரவும், அடுத்த திருவிழாவும்

ராத்திரி நோட்டைத் திறந்து, பார்த்தவற்றில் ஒன்றை மட்டும் நினைவிலிருந்து எழுதுங்கள். எந்தக் கால் ஊன்றியிருந்தது, எந்தக் கை தொங்கியது, முடிச்சு எங்கே இருந்தது. நினைவுக்கு வராத இடங்களுக்கு ஒரு கேள்விக்குறி போடுங்கள். அடுத்த தடவை போகும்போது அந்தக் கேள்விக்குறிகளில் தொடங்குங்கள்.

அப்புறம் உங்கள் ஊர்க் கோயிலில் புறப்பாடு நடக்கும் நாளில், சாமி தெருமுனை திரும்பும்வரை காத்திருங்கள். திரும்பும் அந்தக் கணத்தில் மாலைக்கும் பட்டுக்கும் நடுவே பிடரி கொஞ்சம் தெரியும். சிரச்சக்கரத்தைத் தேடுங்கள்.